பழைய டிடி175: கார்புரேட்டரில் தேடிய கோளாறு ஆயில் சீலில் இருந்தது

வண்டி இப்போது ஒழுங்காக ஓடுகிறது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் ஐடிலிங் தானாக ஏறுவதில்லை, ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டால் சத்தம் உடனே இறங்கிவிடுகிறது, பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பீங்கான் மூக்கு தேன் நிறத்தில் இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து வருவதற்கு ஒரே எஞ்சினை இரண்டு தடவை பிரிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை ஏன் பிரிக்க நேர்ந்தது என்பதைச் சொல்லத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். வீட்டில் டூ ஸ்ட்ரோக் எஞ்சினைக் கையில் எடுக்கிற யாருக்கும் இது வரும்.

வண்டி யமஹா டிடி175. 1970களின் நடுவில் வந்தது, பின்னால் இரண்டு ஷாக் உள்ள மாடல். போர் 66 மி.மீ., ஸ்ட்ரோக் 50 மி.மீ., கணக்குப் போட்டால் 171 சிசி. ஏர் கூலிங், ரீட் வால்வு, ஆட்டோலூப் ஆயில் பம்ப் (ஆயிலைத் தனியாக எஞ்சினுக்கு அனுப்புவது), மின்பொறிக்குப் பாயின்ட் வைத்த மேக்னெட், 6 வோல்ட். முன் சக்கரம் 21 அங்குலம், பின் சக்கரம் 18. 1968-ல் டிடி-1 வந்த வரிசையின் தம்பி என்று சொல்லலாம். மண் ரோட்டுக்கும் தார் ரோட்டுக்கும் சேர்த்துச் செய்த வண்டி, அதனால் இதில் எல்லாமே கைக்கு எட்டும், எதையும் சாதாரண ஸ்பேனரால் கழற்றலாம். கையில் வரும்போது கிக்கர் இறங்கவே இல்லை, பிஸ்டன் பாதி வழியில் பிடித்துக்கொண்டிருந்தது.

எதையும் கழற்றும் முன் வாங்க வேண்டியது ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) முனை திருப்புளியும், சுத்தியலால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் திருப்புளியும். பழைய ஜப்பான் வண்டிகளில் இருப்பது பார்க்க சாதாரண நட்சத்திரத் தலை போலத்தான் இருக்கும், ஆனால் குழியின் அடிவாரம் வேறு மாதிரி. சாதாரண திருப்புளி போட்டால் மேலே ஏறி வழுக்கித் தலையைத் தின்றுவிடும். சைடு கவர் ஸ்க்ரூ ஒவ்வொன்றின் தலையிலும் முதலில் சுத்தியலால் நேராக ஒரு தட்டு, அப்புறம் இம்பாக்ட். ஒன்று கூட உடையாமல் வந்தது. இரண்டாவது கருவி மேக்னெட் கழற்றும் புல்லர். இந்த யமஹாவில் இது 27 மி.மீ., 1 மி.மீ. பிட்ச், இடது மரை. வலது மரை என்று நினைத்து பலமாகத் திருப்பினால் மேக்னெட்டின் மரையே போய்விடும், அதன் பிறகு அந்த மேக்னெட்டைச் சேதமில்லாமல் எடுப்பது பெரும் பாடு.

பிடித்த பிஸ்டனை எடுப்பதற்குப் பொறுமைதான் கருவி. ஹெட்டைக் கழற்றிவிட்டு, ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) அசிட்டோனும் சம அளவு கலந்து மேலே ஊற்றி மூடி வைத்தேன், தினம் கொஞ்சம் சேர்த்தேன். பிளக் துளை வழியாக கிரீஸ் கன் வைத்து அழுத்தலாம் என்று பலர் சொல்வார்கள். டூ ஸ்ட்ரோக்கில் சிலிண்டர் சுவரில் இருக்கும் போர்ட் என்ற துளையைப் பிஸ்டன் திறந்துவிட்ட நிலையில் இருந்தால் கிரீஸ் புகைப்போக்கிப் பக்கம்தான் போகும், அழுத்தம் வராது. கடைசியில் சிலிண்டரை வெளியிலிருந்து ஹீட் கன்னால் சூடாக்கி, பிஸ்டன் தலை அளவுக்கு வெட்டிய தேக்குக் கட்டையை வைத்து மெதுவாகத் தட்டியதும் அசைந்தது. ஒரு மி.மீ. கீழே, அரை மி.மீ. மேலே என்று மாற்றி மாற்றித்தான் வந்தது.

பிஸ்டன் தலையில் இருந்த கரியைச் சுரண்டியபோது அடியில் ‘50’ என்று அச்சு தெரிந்தது. அதாவது ஏற்கெனவே ஒரு முறை கடைந்து 0.50 மி.மீ. பெரிய (ஓவர்சைஸ்) பிஸ்டன் போட்டிருக்கிறார்கள், போர் 66.50. இந்த எஞ்சினுக்கு பிஸ்டன் 0.25 படிகளில் ஏறும், 1.00 வரை கிடைக்கும், ஆகவே மிச்சம் இருந்தது இரண்டு படி. டயல் போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் என மூன்று ஆழத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்தேன். எக்ஸாஸ்ட் போர்ட்டுக்கு மேலே தேய்மானம் அதிகம், துருக் குழியும் அங்கேதான். 66.75-க்குப் போகாமல் வழியில்லை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். முதலில் பிஸ்டனை வாங்குங்கள், அதைக் கையில் கொடுத்துத்தான் சிலிண்டரைப் போர் போடக் கொடுங்கள். பெட்டியில் 66.75 என்று எழுதியிருப்பது முக்கியமில்லை. பிஸ்டன் பாவாடையின் அடியிலிருந்து சுமார் 10 மி.மீ. மேலே, பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு சேர்க்கும் பின்னுக்குச் செங்குத்தான திசையில் மைக்ரோமீட்டர் காட்டும் அளவுதான் முக்கியம். என்னுடையது 66.71 காட்டியது. அதற்கு 0.04 இடைவெளி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன், சரியாகவே வந்தது. ஆனால் போர்ட் விளிம்புகளைச் சாய்க்காமல் அப்படியே விட்டிருந்தார்கள். விரல் வைத்தால் அறுக்கிற கூர்மை. அந்த நிலையில் மாட்டினால் ரிங் ஒவ்வொரு சுற்றிலும் போர்ட்டில் கொஞ்சம் வெளியே பிதுங்கி, திரும்பும்போது அந்தக் கூர் விளிம்பில் இடிக்கும். நுண்ணிய அரமும் எண்ணெய்க் கல்லும் வைத்து எல்லாப் போர்ட்டின் மேல் கீழ் விளிம்புகளையும் அரை மி.மீ. அளவுக்குச் சாய்த்து, மறுபடி லேசாக ஹோன் (சுவரில் நுண்ணிய கோடு போடும் கல்) போட்டேன். அப்புறம் வெந்நீரும் பாத்திர சோப்பும் வைத்துக் கழுவினேன், வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே திரும்பும் வரை. பெட்ரோலில் கழுவினால் ஹோன் துகள் கோடுகளுக்குள்ளேயே தங்கிவிடும், சோப்புத் தண்ணீர்தான் அதைத் தூக்கி எடுக்கும். காய்ந்த அடுத்த நிமிடமே ஆயில் தடவ வேண்டும், புது போர் கண்ணெதிரே துரு பிடிக்கும்.

ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு பிஸ்டனாலேயே நேராகத் தள்ளி இடைவெளி பார்த்தேன், 0.35 மி.மீ., நல்ல அளவு. ரிங்கின் வாய் பிஸ்டன் பள்ளத்தில் இருக்கும் சிறு ஊசியில் உட்கார வேண்டும், அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம், பிஸ்டன் பின்னின் பூட்டு இரண்டும் புதிது. கனெக்டிங் ராடின் மேல் முனையைப் பக்கவாட்டில் அசைத்தால் 1.2 மி.மீ. வந்தது. 2 மி.மீ. வரை பரவாயில்லை. மேலும் கீழும் இழுத்தால் துளி ஆட்டம் இல்லை. கிராங்கைக் கையால் சுற்றினால் சத்தம் இல்லை. அதனால் கீழ்ப்பகுதி நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்து, கிராங்க் இருக்கும் கேஸைப் பிரிக்காமல் மேல்பகுதியை மட்டும் மாட்டினேன்.

நடுவில் டேங்க், புகைப்போக்கி வேலை. டேங்கின் துருவுக்கு எலெக்ட்ராலிசிஸ்: தண்ணீரில் சலவை சோடா, உள்ளே பக்கச் சுவரில் படாமல் தொங்கும் ஒரு இரும்புக் கம்பி, அதற்குச் சார்ஜரின் பாசிட்டிவ், டேங்குக்கு நெகட்டிவ். கம்பி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கவே கூடாது, குரோமியம் நஞ்சு தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் குமிழி வரும், ஆகவே திறந்த வெளியில், பக்கத்தில் தீப்பொறி இல்லாமல். அவ்வப்போது கம்பியை எடுத்துச் சுரண்டிவிட்டுத் திரும்ப வைத்தால் வேலை வேகமாக நடக்கும். புகைப்போக்கிக்குள் தார் மாதிரி கரி. அதைக் காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்துக் கழுவினேன், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. இரும்புக்கு மட்டும்தான் இது. அலுமினியத்தில் காஸ்டிக் பட்டால் உலோகத்தையே அரித்துவிடும். பிரேக் டிரம்மைத் திறக்கும்போது காற்று அடிக்காதீர்கள், அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்துத் துணியை உறையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

கார்புரேட்டர் மிகுனி விஎம்24. ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு துளையான பைலட் ஜெட் அடைத்திருந்தது, ஒற்றைச் செம்பு இழையால் திறந்தேன், எஃகு ஊசியை உள்ளே விடக் கூடாது. பாயின்ட் இடைவெளி 0.35. டைமிங்குக்கு பிளக் துளையில் டயல் கேஜ் வைத்து, மேக்னெட்டை மெதுவாகத் திருப்பி, பாயின்ட் நடுவில் வைத்த மெல்லிய காகிதம் எப்போது நழுவுகிறதோ அந்த இடத்தில் பிஸ்டன் மேல் உச்சிக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று பார்த்து, மேனுவல் அளவுக்குக் கொண்டுவந்தேன். நல்ல நீல நிறப் பொறி.

கிளம்பியது. கிக்கரை நாலைந்து மிதி மிதித்ததும் பிடித்துக்கொண்டது. ஆனால் சூடேறச் சூடேற ஐடிலிங் மேலே மேலே போனது. ஆக்சிலேட்டரை விட்டாலும் சத்தம் கீழே வராமல் கொஞ்ச நேரம் அங்கேயே தொங்கி நின்றது. பிளக் மூக்கு சுண்ணாம்பு வெள்ளை. பெட்ரோல் போதவில்லை, காற்று அதிகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. இதோடு ஓட்டினால் புது பிஸ்டன் சூடேறி சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும்.

இயல்பாகவே கை கார்புரேட்டருக்குத்தான் போனது. பைலட் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கினேன், காற்று ஸ்க்ரூவை உள்ளே திருப்பினேன், ஊசியை ஒரு படி தூக்கினேன். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது, அதுதான் ஏமாற்றும் இடம். குளிர்ந்த எஞ்சினில் சரியாக இருந்தது, சூடானால் மறுபடி அதே கதை. ஜெட்டை மாற்றி ஒரு நாள் சரியாகி மறுநாள் மாறுகிறது என்றால் கோளாறு ஜெட்டில் இல்லை. வேறு எங்கேயோ காற்று உள்ளே வருகிறது.

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸும் காற்றுப் பாதையின் ஒரு பகுதி. பெட்ரோல் கலந்த காற்று முதலில் அங்கே போய்த்தான் மேலே வருகிறது. ஆகவே கேஸ் காற்றுப்புகாமல் இருக்கிறதா என்று அழுத்தம் ஏற்றிப் பார்க்க வேண்டும். இதற்கு விற்கிற கருவி விலை அதிகம். ஆனால் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் கைப்பல்பும் டயலும் இதற்கென்றே செய்தது போலப் பொருந்தும். டயல் 300 மி.மீ. பாதரசம் வரை போகும், அது 0.4 பார், ஏறக்குறைய 6 பிஎஸ்ஐ. கேஸுக்குக் கொடுக்க வேண்டிய அழுத்தமும் அதுதான். அதற்கு மேல் போனால் கிராங்க் தண்டைச் சுற்றியிருக்கும் நல்ல ரப்பர் சீலையே வெளியே தள்ளிவிடும், ஆகவே வண்டிச் சக்கரத்துக்குக் காற்றடிக்கும் பம்ப்பை வைத்து முயல வேண்டாம்.

செய்தது இப்படி. எக்ஸாஸ்ட் வாயில் பழைய டியூப் ரப்பர் ஒரு துண்டு, மேலே தடித்த இரும்புத் தகடு, இறுக்கிப் பூட்டினேன். கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, இன்டேக் ரப்பருக்குள் கூம்பாகக் கடைந்த நைலான் அடைப்பான், அதன் நடுவில் துளை போட்டுப் பித்தளை நாசில், அதில் பல்பின் குழாய். ஆட்டோலூப் பம்ப்பிலிருந்து வரும் சிறு ஆயில் குழாயை ரப்பர் வைத்துக் கவ்வி அடைத்தேன், இதை மறந்தால் கணக்கு தப்பும். பிஸ்டன் கீழ் உச்சியில், பிளக் இடத்தில். மேக்னெட்டைக் கழற்றி சீல் தெரியும்படி வைத்தேன்.

300-க்கு ஏற்றினேன். கையை எடுப்பதற்குள் முள் சரசரவென்று இறங்கியது. நிமிடத்துக்கு 50-க்கு மேல் இறங்கக் கூடாது, நல்ல எஞ்சின் அதைவிடக் குறைவாகவே இறங்கும். இங்கே பத்து எண்ணுவதற்குள் பூஜ்யம். சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷால் தடவியதும் மேக்னெட் பக்க சீலின் உதட்டைச் சுற்றிப் பாதி வட்டம் நுரைத்தது. கிளட்ச் பக்க சீல் கவருக்குள் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. அதற்கு கியர் ஆயில் அறையின் மூச்சுக் குழாயின் முனையை ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டேன். அதிலும் குமிழி. அந்தச் சீல் போனால் எஞ்சின் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை விடும், ஆயில் அளவும் குறையும். என் விஷயத்தில் கசிவு சிறிது, அதனால் புகையில் தெரியவில்லை.

சரி, முழுவதும் பிரித்தேன். கிளட்ச் மையத்தைப் பிடிக்க, பழைய இரும்பு கிளட்ச் தட்டு ஒன்றில் நீளக் கம்பியை வெல்ட் வைத்த கருவி. பிரைமரி கியர் நட்டுக்கு இரண்டு கியர் பற்களுக்கு நடுவே மென்மையான செம்புத் துண்டு. நாலு ஸ்ட்ரோக்கில் செய்வதுபோல் பிளக் துளையில் கயிறு விட்டு எஞ்சினைப் பூட்டும் வழி இங்கே வேண்டாம், கயிறு போர்ட்டுக்குள் போய் விளிம்பில் மாட்டும். கேஸின் இரண்டு பாதியையும் இழுத்துப் பிரிக்கும் புல்லரால் பிரித்தேன். நடுவில் திருப்புளி நுழைத்து நெம்பினால் அந்தக் கோடுதான் நாளைக்குக் கசிவு, இந்த இணைப்பில் கேஸ்கெட் கிடையாது, திரவ கேஸ்கெட் மட்டுமே.

உள்ளே பார்த்தபோது எல்லாம் விளங்கியது. சீல் இரண்டும் வருடக் கணக்கில் சும்மா கிடந்ததில் மரமாகியிருந்தன, நகத்தால் அழுத்தினால் உதடு வளையவில்லை. மேக்னெட் பக்க பேரிங்கின் உருளைப் பாதையில் துருப் புள்ளிகள், ஆயில் பூச்சு இருந்ததால் கையால் சுற்றும்போது சத்தம் வரவில்லை. ராடு நிஜமாகவே நன்றாக இருந்தது. வி பிளாக்கில் வைத்துப் பார்த்தால் கிராங்க் சுற்றும்போது வரும் கோணல் ஆட்டம் 0.02 மி.மீ., 0.03 வரை போகலாம்.

புது பேரிங் வாங்கும்போது சி3 என்ற குறி உள்ளதைக் கேளுங்கள், சூடேறி விரியும் இடத்துக்கு உள் இடைவெளி கூடுதலான அந்த ரகம்தான் சரி. பேரிங்குகளை ஃப்ரீசரில் வைத்தேன், கேஸை ஓவனில் 100 டிகிரிக்குச் சூடாக்கினேன். பேரிங் தானாகவே ‘டப்’ என்று போய் உட்கார்ந்தது, சுத்தியல் தொடவில்லை. சீலை ஸ்பிரிங் சுருள் இருக்கும் பக்கம் கிராங்க் கேஸின் உட்புறம் பார்க்கும்படி வைத்து, உதட்டில் கிரீஸ் தடவி, கிராங்கின் சாவிப் பள்ளத்தின் மேல் டேப் ஒட்டி நுழைத்தேன், டேப் இல்லாவிட்டால் பள்ளத்தின் ஓரம் புது உதட்டைக் கீறும்.

மூடி, மேல்பகுதி மாட்டி, மறுபடி 300. இந்த முறை மெதுவாக இறங்கியது, ஆனால் இறங்கியது. நிமிடத்துக்கு 80. இரண்டு சீலும் உலர்ந்தே இருந்தன, சிலிண்டர் அடியில் ஒன்றும் இல்லை. இன்டேக் ரப்பரில்தான், ரப்பர் உலோகத் தகட்டோடு ஒட்டும் வளைவில், தலைமுடி அளவு வெடிப்பு. சும்மா பார்த்தால் தெரியாது, கையால் மடக்கினால் வாய் திறக்கிறது. எஞ்சின் அதிர்வில் கார்புரேட்டரின் எடை தொங்கும்போதெல்லாம் திறந்து மூடியிருக்கும். புது ரப்பர் போட்டதும் முள் ஆறு நிமிடத்தில் 10 கூட இறங்கவில்லை.

ஜெட்டுகளை எல்லாம் தொழிற்சாலை அளவுக்கே திரும்பக் கொண்டுவந்தேன். காற்று ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்று வெளியே. வேறு எதையும் தொடாமல் ஐடிலிங் நின்றது. இத்தனை நாள் ஜெட்டில் தேடியது எல்லாம் அங்கே இல்லவே இல்லை.

ஆட்டோலூப்பைக் கழற்றி எறிந்துவிட்டு பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டலாம் என்பவர்கள் அதிகம். நான் வைத்துக்கொண்டேன். யமஹா 1964-லிருந்தே போட்டு வந்த அமைப்பு, அளந்து பார்த்து நம்பலாம். பம்ப்பின் குறைந்தபட்ச ஸ்ட்ரோக்கை ஃபீலர் கேஜால் அளந்தேன், 0.20-க்கும் 0.25-க்கும் நடுவில் இருக்க வேண்டும், ஷிம் என்ற மெல்லிய தகடு ஒன்று சேர்த்து 0.22-க்குக் கொண்டுவந்தேன். குழாயில் ஒரு காற்றுக் குமிழி கூட மிச்சமில்லாமல் வெளியேற்றுவது இங்கே உயிர்நாடி. குமிழி கடந்துபோகும் நேரம் முழுக்க எஞ்சின் ஆயில் இல்லாமல் சுற்றும். அதனால் முதல் டேங்கில் மட்டும் பெட்ரோலிலும் 50-க்கு 1 ஆயில் கலந்துவைத்தேன். புகை அதிகம் வந்தது, பரவாயில்லை. முதல் ஓட்டம் முழுக்க சூடேற்றுவதும் முழுதாக ஆறவிடுவதுமாகத்தான். அப்புறம் ஹெட் நட்டுகளை குளிர்ந்த நிலையில் டார்க் ரெஞ்ச்சால் மறுபடி பார்த்தேன், இரண்டு நட்டு கொஞ்சம் திரும்பின.

செலவில் பெரிய பங்கு போரும் பிஸ்டனும். அடுத்தது டயர்களும் ஸ்போக்ஸும். சீல், பேரிங், இன்டேக் ரப்பர் மூன்றும் சேர்த்தே பிஸ்டனின் விலைக்கு வராது. வீணானது ஒரு முழு கேஸ்கெட் செட், தேவையில்லாமல் வாங்கிய ஜெட்டுகள், கிட்டத்தட்ட இன்னொரு பிஸ்டனின் விலை.

அடுத்த எஞ்சினில் வரிசையை மாற்றுவேன். வண்டி கைக்கு வந்ததும், எஞ்சினைப் பிரிக்கும் முன், பிஸ்டன் அசைகிற எஞ்சின் என்றால் முதலில் பல்பை மாட்டி 300-க்கு ஏற்றிப் பார்ப்பேன். பிடித்த எஞ்சின் என்றால் பேச்சே இல்லை, தண்ணீர் போன இடத்தில் பேரிங்கிலும் போயிருக்கும், நேராகக் கேஸைப் பிரிப்பேன், ராடு எவ்வளவு நன்றாக இருந்தாலும். இன்டேக் ரப்பரைப் பார்வைக்கு எப்படி இருந்தாலும் புதிதாக மாற்றுவேன். அந்த நைலான் அடைப்பானை இரண்டு அளவில் கடைந்து வைத்திருக்கிறேன்.

பாக்கி வேலை பின் ஷாக். இடது பக்கத்தில் ஆயில் கசிகிறது, பிரிக்கும்படி செய்ததில்லை, மேல் மூடியில் நட்டு கிடையாது. லேத்தில் மூடியை வெட்டி, மரை போட்டு, உள்ளே புது சீல் போட முடியுமா என்று பார்க்கப் போகிறேன். முன் ஃபோர்க் முடிந்துவிட்டது, சீல் மாற்றி இரண்டு பக்கமும் ஒரே ஆயில் உயரத்துக்கு அளந்து ஊற்றியதும் முன்பக்கம் ஆடுவது நின்றது.